அரிசி மூட்டைக்கு ஒரு பச்சைத் தொப்பி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பத்து பவுண்டு அரிசி மூட்டை ஒன்றைத் தோளில் சாய்த்து, அதன் முதுகைத் தட்டித் தட்டி, ஏப்பம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்ட முட்டாள் நான். ஒருநாள் அல்ல, மூன்று மாதம். குடித்துவிட்டுச் செய்தேன் என்றாலாவது கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். காலையில் காப்பி குடித்து, அலுவலகத்துக்கு டை கட்டிக்கொண்டு, முழு நினைவோடு செய்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. மான்ட்ரியலின் வடக்கே அஹுன்ட்சிக்கில், வெளியே இரும்புப் படி வைத்த ஒரு மாடி வீட்டில் நானும் மனைவியும் குடியிருந்தோம். பாலங்களுக்குப் பளு கணக்குப் போடும் எஞ்சினீயர் நான். எத்தனை லாரி ஏறினால் எது எங்கே வளையும் என்று சொல்வதற்கு எனக்குச் சம்பளம். மனைவி ஒரு நூலகத்தில் வேலை பார்த்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். டாக்டர்கள் கையை விரித்த பிறகு சென்னையில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு எழுதினோம். சரி என்று பதில் வந்தது. ஆனால் மான்ட்ரியலிலிருந்து ஒரு சமூக சேவகி வீட்டுக்கு வந்து பார்த்து, இந்த இருவரை நம்பிக் குழந்தையைக் கொடுக்கலாம் என்று எழுதித் தர வேண்டும்.

அந்த அம்மாள் வருவதற்கு முன்பே அவருடைய கடிதம் வந்தது. குழந்தைக்கு அறை தயாராக இருக்க வேண்டும், அறையில் கட்டில் இருக்க வேண்டும், நான் கண்ணால் பார்க்க வேண்டும்.

கட்டில் வாங்கி வந்தேன். பக்கங்களில் மரக் கம்பிகள் வைத்த, பிரித்துப் பூட்டுகிற கட்டில். பூட்டும் முறை பிரெஞ்சில் எழுதியிருந்தது. எஞ்சினீயருக்கு எதற்கு அதெல்லாம் என்று தாளை மடித்து வைத்துவிட்டுப் பூட்டினேன். முடிந்ததும் மூன்று திருகாணிகள் மிஞ்சின.

"பாலத்துலயும் இப்படித்தான் மிஞ்சுமா?" என்றாள் மனைவி.

"எக்ஸ்ட்ராவா கொடுத்திருக்கான். நல்ல கம்பெனி."

திருகாணிகளைக் காப்பி டப்பாவில் போட்டு மூடினேன். பிரச்சினை அதில் இல்லை. அப்போதைக்கு இல்லை.

"காலித் தொட்டில் வீட்டுல நிக்கக் கூடாதுங்க" என்றாள்.

"இது தொட்டில் இல்ல, கட்டில். நாலு கால் இருக்கு பார்."

"குழந்தை படுக்கறதெல்லாம் தொட்டில்தான்."

"அப்ப குழந்தை பிளேன்ல படுத்துத் தூங்கிட்டு வந்தா பிளேனும் தொட்டிலா?"

அவள் சிரிக்கவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. சில வருஷங்களுக்கு முன் ஒருமுறை, நாள் தள்ளிப்போன சந்தோஷத்தில், பச்சைக் கம்பளி நூல் வாங்கிவந்து குட்டித் தொப்பி ஒன்று பின்ன ஆரம்பித்தாள். தொப்பி பாதியில் நின்றது. அந்த நூல் உருண்டை அலமாரியின் மேல்தட்டில் கிடந்தது. அதை அவளும் எடுக்கவில்லை, நானும் தொடவில்லை. முன்கூட்டியே எதையும் வாங்கி வைக்கக் கூடாது என்பது அவளுக்கு வெறும் சம்பிரதாயம் அல்ல.

கட்டில் இருந்தால் இவளுக்குத் தூக்கம் வராது. இல்லாவிட்டால் குழந்தை வராது. நான் மூளையைக் கசக்கினேன். அது சின்ன வேலைதான், சீக்கிரம் முடிந்தது.

"காலியா இருக்கக் கூடாது. அவ்வளவுதானே?"

சமையலறைக்குப் போய், பிரிக்காமல் இருந்த அரிசி மூட்டையைத் துணிப்பையோடு தூக்கிவந்து கட்டிலில் கிடத்தினேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கட்டிலுக்கு அருகில் வந்தாள். பிறகு மூட்டையைத் தூக்கி, அடியில் மெத்தை விரிப்பைச் சரிசெய்து, ஒரு தலையணை உறைக்குள் மூட்டையைப் போட்டு, மறுபடி படுக்க வைத்துப் போர்த்திவிட்டாள். அடுத்த வாரம் பாதித் தொப்பி முழுத் தொப்பியாகி மூட்டையின் மேல்முனையில் உட்கார்ந்திருந்தது.

அதன்பின் என்னை யார் தடுப்பது? தூக்கிப் பழகினேன், ஏப்பம் பழகினேன், மூட்டையை மடியில் வைத்துக்கொண்டே ஹாக்கி பார்த்தேன். "மூத்தது எங்கே?" என்று கேட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவேன். "தூங்குது, கத்தாதீங்க" என்பாள் மனைவி.

மே மாதம் சமூக சேவகி வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். ஒட்ட வெட்டிய நரைமுடி, ஆண்கள் போடுவது போன்ற கனத்த ஷூ, கையில் ஒரு கறுப்பு நோட்டு. முன்பு கன்னியாஸ்திரீயாக இருந்து, மடத்தை விட்டு வெளியே வந்தவர் என்று பின்னால் தெரிந்தது. அவர் பேசியது பிரெஞ்சு. நான் பேசியது, பிரெஞ்சு என்று நான் நம்பிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று. சமையலறை, குளியலறை, ஜன்னல் தாழ்ப்பாள் எல்லாம் பார்த்தார். கடைசியில் குழந்தை அறைக்கு வந்தார். கட்டிலில் யாரோ படுத்திருப்பதைப் பார்த்து நின்றார். போர்வையை விலக்கினார்.

மூட்டையை வேறு எங்காவது வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மனைவியும் அன்று அதைத்தான் கேட்டாள், கண்ணாலேயே. மூன்று வாரப் பழக்கத்தில் அது எனக்கு மூட்டையாகவே தோன்றவில்லை.

"இது என்ன?"

"அரிசி, மேடம்."

"அரிசி என்று தெரிகிறது. தொப்பி எதற்கு?"

"குளிருக்கு."

வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார். எழுதினார், எழுதினார், பக்கத்தைத் திருப்பி மறுபடி எழுதினார். மனைவி நல்ல பிரெஞ்சில் காலித் தொட்டில் விஷயத்தை எடுத்துச் சொன்னாள். அவர் தலையாட்டியது மாதிரியும் இருந்தது, ஆட்டாதது மாதிரியும் இருந்தது.

வாசலில் நின்று சொன்னார்: "போய்க் குழந்தையைக் கூட்டி வாருங்கள். அது வந்து ஆறு மாதம் கழித்து நான் மறுபடி வருவேன், மதியம், அது தூங்கும் நேரத்துக்கு. தன் கட்டிலில் நிம்மதியாகத் தூங்குகிற குழந்தைதான் அந்த வீட்டில் ஒட்டிக்கொண்ட குழந்தை. அதைப் பார்த்த பிறகுதான் கடைசித் தாளில் என் கையெழுத்து."

"கையெழுத்து விழாவிட்டால்?" என்று கேட்டேன்.

"அப்போது குழந்தை உங்களுடையது அல்ல." படியில் இறங்கியவர் திரும்பினார். "அரிசி சமையலறையில் இருக்க வேண்டும், மிஸ்யூ."

ஜூலையில் சென்னைக்குப் போனோம். குழந்தைக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது. பெண். பெரிய கண்கள், மூக்கின்மேல் பவுடர். இந்த ஆள் எதற்குச் சரிப்படுவான் என்பது போல என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஆயா அவளை என் கையில் கொடுத்தாள். மூன்று மாதப் பயிற்சி இருக்கிறதே! லாவகமாகத் தூக்கித் தோளில் போட்டேன்.

"ஐயே, இன்னா சார் இது! மூட்டை தூக்கற மாதிரி தூக்கறீங்க!"

"அதுதாம்மா எனக்குப் பழக்கம்."

"மூட்டை தூக்கற வேலையா? ஃபாரின்ல இன்ஜினீயருன்னாங்க?"

என் மனைவி சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை கேட்டதில்லை.

கோர்ட்டு, பாஸ்போர்ட்டு என்று அலைந்து முடிக்க ஐந்து வாரமாயிற்று. கிளம்பும் நாளன்று ஆயா ஒரே ஒரு விஷயம் சொன்னாள். "இங்க ஒரு பாயில மூணு மூணா படுத்துப் பழகினது சார். தனியா போட்டா கத்தும். பக்கத்துல ஒரு உடம்பு இருக்கணும். யாரு உடம்புன்னு அதுக்குக் கவலையில்ல."

அந்த ஐந்து வாரமும் அவள் எங்கள் இருவருக்கும் நடுவில் படுத்துத் தூங்கினாள். விமானத்திலும் அப்படியே. பம்பாயிலிருந்து லண்டன்வரை என் இடது கை மரத்துப்போயிற்று, அவள் அசையவில்லை. "எவ்வளவு சமத்து பாருங்க" என்று மனைவி அக்கம்பக்கத்து இருக்கைகளுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மான்ட்ரியலில் கட்டிலில் போட்டதும் சமத்து தீர்ந்தது. அப்படி ஒரு கத்தல். கீழ்வீட்டுக் கிழவர் விளக்குமாற்றுக் காம்பால் கூரையை இடித்தார். சாதாரணத் தமிழ்நாட்டுப் பெற்றோர் என்ன செய்வார்கள்? தூக்கித் தங்கள் பக்கத்தில் போட்டுக்கொள்வார்கள், விஷயம் முடிந்தது. எங்களுக்கு அந்தக் கறுப்பு நோட்டு கண்முன் வந்து நின்றது. தன் கட்டிலில் தூங்கியாக வேண்டும்.

நான்காம் நாள், தூக்கமில்லாமல் சுவரில் முட்டிக்கொண்டு நடந்தபோது ஆயா சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. யார் உடம்பு என்று கவலையில்லை. நேரே சமையலறைக்குப் போனேன். மூத்தது அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில், தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தது. கொண்டுவந்து இளையவளுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தேன். அவள் ஒரு கையை மூட்டையின்மேல் போட்டாள், மறு கையால் பச்சைத் தொப்பியின் குஞ்சத்தைப் பிடித்தாள், இரண்டு விக்கல், அவ்வளவுதான். தூங்கிப் போனாள்.

"நான் அப்பவே சொல்லலை?" என்றேன்.

"எப்பவே? என்ன சொன்னீங்க?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி.

அப்படியே ஆறு மாதம் ஓடியது. குழந்தை தவழ்ந்தது, நின்றது, என்னைப் பார்த்தால் மட்டும் காரணமில்லாமல் சிரித்தது. அலுவலகத்தில் பல பேருக்கு அந்த வழக்கம் ஏற்கனவே இருந்ததால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொய். வீட்டுக்குப் போகும் வழியில் மெட்ரோவில் நானே சிரித்துக்கொண்டு நிற்பேன். மூட்டைப் பழக்கத்தை மெதுவாக நிறுத்திவிடலாம், அந்த அம்மாள் வருவதற்குள் நிறுத்திவிடலாம் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தீர்மானம் போட்டோம். பிப்ரவரி வந்துவிட்டது. திங்கட்கிழமை ஒரு மணிக்கு வருகிறேன் என்று கடிதமும் வந்துவிட்டது.

அதற்கு முந்தைய சனிக்கிழமை, நகரின் மறுகோடியில் இருக்கும் நோத்ர-டாம்-த-கிரேஸிலிருந்து ஒரு டாக்டர் நண்பர், மனைவி, நான்கு பையன்களோடு குழந்தையைப் பார்க்க வந்தார். மதியச் சாப்பாடு முடிந்து கோட்டை மாட்டும்போது ஜன்னலைப் பார்த்தால் வெளியே தெரு இல்லை. வெறும் வெள்ளை. பனிப்புயல். அவருடைய கார் இருந்த இடத்தில் ஒரு மேடு இருந்தது. ஆறு பேரும் தங்கிவிட்டார்கள்.

நான்கு பையன்கள் என்றால் நான்கு வயிறு என்று நினைக்கக் கூடாது. சனி ராத்திரி இட்லி மாவு தீர்ந்தது. ஞாயிறு காலை ரொட்டி தீர்ந்தது. மதியம் அரிசி டப்பாவை மனைவி கவிழ்த்துத் தட்டினாள். மூலைக் கடைக் கதவு பாதி உயரத்துக்குப் பனியில் புதைந்திருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு குழந்தை அறைப் பக்கம் பார்த்தாள்.

"வேண்டாம்" என்றேன்.

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க? பசங்க அப்பளத்தைப் பச்சையாத் தின்னுட்டிருக்காங்க."

"ஒன்பது மாசமா நம்மகூட வளர்ந்தது."

"நாளைக்கு எப்படியும் அது அங்க இருக்கக் கூடாது. அந்தம்மா என்ன சொன்னாங்க? அரிசி சமையலறையில இருக்கணும்."

தையலைப் பிரித்தாள். மூன்று தண்ணீர் விட்டுக் களைந்தாள். சாதம் பொலபொலவென்று உதிர்ந்தது. டாக்டர் மூன்றாம் முறை போட்டுக்கொண்டார்.

"பிரமாதம்பா! நல்லாப் பழசான அரிசி. எங்க வாங்கினே?"

"வீட்டிலயே வளர்ந்தது."

நான் ஒரு பிடிகூடச் சாப்பிடுவதில்லை என்று எழுந்துவிட்டேன். ரசம் வந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிறு ராத்திரி குழந்தை அந்தப் பையன்களுக்கு நடுவே பாயில் தூங்கிவிட்டாள். திங்கட்கிழமை காலை பனியைத் தள்ளும் வண்டி வந்தது. மூட்டையில் ஒரு பிடிகூட மிச்சம் வைக்காமல் விருந்தாளிகள் கிளம்பினார்கள். பன்னிரண்டு மணிக்குக் குழந்தையைக் கட்டிலில் போட்டோம். கையை நீட்டித் தடவினாள். பக்கத்தில் ஒன்றும் இல்லை. கீழ்வீட்டுக் கிழவர் விளக்குமாற்றை எடுத்தார்.

துவரம்பருப்பைத் தலையணை உறையில் கட்டி வைத்தேன், மூன்று பவுண்டுதான் இருந்தது, ஏமாற்ற முடியவில்லை. கான்கிரீட் பற்றிய என் தடித்த கையேட்டைத் துண்டில் சுற்றி வைத்தேன். காலால் உதைத்தாள். அந்தப் புத்தகத்தைப் பற்றி எனக்கும் அதே அபிப்பிராயம்தான். உருளைக்கிழங்கு வைத்ததைச் சொல்ல வேண்டாம். மணி பன்னிரண்டே முக்கால். மனைவி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கத்தற குழந்தையைப் பார்த்தா என்ன எழுதுவாங்க? எடுத்துட்டுப் போயிடுவாங்களா? சொல்லுங்க, எடுத்துட்டுப் போயிடுவாங்களா?"

பதினோரு வருஷத்தில் எல்லாக் கேள்விக்கும் ஒரு கிண்டல் வைத்திருந்தவன் நான். அன்று ஷூவைக் கழற்றினேன்.

"என்ன பண்றீங்க?"

"ஒரு உடம்பு வேணும். யாருதுன்னு கவலையில்ல."

என் எடை நூற்றுப் பதினைந்து பவுண்டு, குழந்தை பத்தொன்பது. கட்டில் பலகையின் கனத்தை வைத்து மனதிலேயே கணக்குப் போட்டேன். தாங்கும் என்று வந்தது. காலை மடக்கி, முழங்காலை மோவாயில் ஒட்டி, உள்ளே படுத்தேன். குழந்தை அழுகையை நிறுத்தி என்னைத் தடவிப் பார்த்தாள். வயிறு சரி. தலைக்கு வந்ததும் உதடு பிதுங்கியது. மனைவி சட்டென்று பச்சைத் தொப்பியை எடுத்து என் தலையில் அழுத்தினாள். நெற்றிவரை இறங்க மறுத்தது. பரவாயில்லை. குழந்தை ஒரு கையை என்மேல் போட்டாள், மறு கையால் குஞ்சத்தைப் பிடித்தாள், இரண்டு விக்கல்.

அழைப்பு மணி அடித்தது.

எழுந்திருக்கலாம் என்று ஒரு முழங்கையை ஊன்றினேன். நான் கணக்கில் சேர்க்காத மூன்று திருகாணிகள் காப்பி டப்பாவில் இருந்தன. கால்மாட்டுப் பலகை மெதுவாக, மிக மரியாதையாக, ஒரு முனகலோடு தரையில் இறங்கியது. நானும் சேர்ந்து சரிந்தேன். என் முழங்கால் கம்பிகளுக்கு நடுவே போய் வெளியே நீட்டிக்கொண்டு நின்றுவிட்டது. குழந்தை என் மார்பில் வழுக்கி வந்து, அங்கேயே வசதி செய்துகொண்டு, தூக்கத்தைத் தொடர்ந்தாள்.

அந்த அம்மாள் அறைக்குள் வந்தார். பனி ஒட்டிய பூட்ஸைக் கழற்றிவிட்டு, தடித்த காலுறையோடு, சத்தமில்லாமல். கட்டிலுக்கு அருகே வந்து நின்று பார்த்தார்.

"இது என்ன?"

"அப்பா, மேடம்."

"தொப்பி எதற்கு?"

எனக்கு ஒரே ஒரு பதில்தான் தெரியும். "குளிருக்கு."

அவர் கட்டிலின் மூலைகளை நோட்டமிட்டார். "அரிசி எங்கே?"

"சமையலறைக்குப் போயிற்று, மேடம். நீங்கள் சொன்னபடி" என்றாள் மனைவி. "இவள் தனியாகத் தூங்கமாட்டாள். உங்களுக்குத் தெரியக் கூடாது என்று மறைத்தோம். தப்பு எங்கள்மேல். குழந்தைமேல் இல்லை."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கறுப்பு நோட்டைத் திறந்தார். நான் அசையவில்லை, அசையவும் முடியாது. பேனா தாளில் ஓடும் சத்தமும் குழந்தையின் மூச்சும்தான் அறையில். இந்த முறை அவர் அதிகம் எழுதவில்லை. பைக்குள்ளிருந்து வேறொரு தாளை எடுத்தார், முழங்காலில் வைத்துக் கீழே ஒரு கையெழுத்துப் போட்டார், மனைவியிடம் நீட்டினார்.

மனைவி அதை நின்றபடி ஒருமுறை படித்தாள். பிறகு தரையில், கட்டிலை ஒட்டி உட்கார்ந்து, கம்பிக்கு வெளியே நீட்டியிருந்த என் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

அந்த அம்மாள் கதவுவரை போய்விட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். என் சுபாவத்துக்கு அது ஆகாது. படுத்தபடியே, குழந்தை எழுந்துவிடாமல், மெல்லிய குரலில் கேட்டேன்.

"மேடம், என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறீர்கள்?"

"அரிசியைவிடப் பரவாயில்லை."